ஒரு மிக்சர் பாக்கெட்டை எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்?

கடையில் 150 கிராம் மிக்சர் பாக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தின் ஒரு மூலையில், பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். 'ஒரு சர்விங் 30 கிராம், பாக்கெட்டில் 5 சர்விங்' என்ற தோரணையில் ஒரு வரி அதில் இருக்கும். இந்தப் பாக்கெட்டை ஐந்து பேர் பகிர்ந்துகொள்வார்கள், அல்லது ஒருவரே ஐந்து நாள் வைத்திருந்து சாப்பிடுவார் என்று தயாரிப்பாளர் முடிவு செய்திருக்கிறார் என்று பொருள். 30 கிராம் மிக்சர் என்பது ஒரு பிடி. பள்ளி விட்டு வந்து டிவி முன்னால் உட்காரும் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பிடியோடு நிறுத்திக்கொள்வார்களா? எந்த வீட்டிலும் நடக்காத ஒரு காரியத்தை அடிப்படையாக வைத்துத்தான் அந்தக் கட்டத்தின் பாதிக் கணக்கு போடப்படுகிறது.

அந்த எண்கள் பொய் என்று சொல்லவில்லை. பெரும்பாலானவை சட்டப்படி சரியாகவே இருக்கும். ஆனால், கடையில் நிற்கும் ஒருவர் அரை நிமிடத்தில் புரிந்துகொள்ள முடியாத வகையில் உண்மையை அச்சிடுவதும் மறைப்பதும் பலனில் ஒன்றுதான். ஊட்டச்சத்து லேபிளைப் படிக்க நாம் ஒவ்வொருவரும் பழகிக்கொள்ள வேண்டும், அதில் ஐயமில்லை. அதற்காக, மக்களின் உடல்நலத்தை அவர்களது கணக்குத் திறமையின் பொறுப்பில் அரசு விட்டுவிட முடியாது. பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே, பார்த்ததும் புரியும்படி எச்சரிக்கை இருக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

வழக்கமான மிக்சர் வகைகளையொட்டி ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் 550 கிலோ கலோரி, 36 கிராம் கொழுப்பு, அதில் 14 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 800 மில்லிகிராம் சோடியம். ஒரு 'சர்விங்'குக்கு இது 165 கிலோ கலோரி ஆகிறது. ஒரு நாள் தேவையில் வெறும் 8 சதவீதம்தான். நிறைவுற்ற கொழுப்பு 19 சதவீதம், சோடியம் 12 சதவீதம். படிப்பவருக்கு இதில் பயப்பட எதுவும் தெரியாது.

இப்போது முழுப் பாக்கெட்டுக்குக் கணக்கிடுங்கள். 825 கிலோ கலோரி, 54 கிராம் கொழுப்பு, 21 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நிறைவுற்ற கொழுப்பின் வரம்பு 22 கிராம். ஒரே பாக்கெட்டில் 95 சதவீதம் முடிந்துவிட்டது. சோடியம் 1,200 மில்லிகிராம். இதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: 3 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புக்குமேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை இட்லிக்கான சாம்பாரும் மதிய ரசமும் இரவுச் சட்னியும் மீதமுள்ள 2 கிராமுக்குள் அடங்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லேபிளில் உள்ள சதவீதங்கள் எல்லாம் 2,000 கிலோ கலோரி தேவைப்படும் பெரியவரை வைத்துக் கணக்கிடப்படுபவை. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,360 கிலோ கலோரிதான் தேவை. அந்த மிக்சரை இரண்டு பிள்ளைகள் ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டாலும், ஒவ்வொருவருக்கும் 410 கிலோ கலோரிக்கு மேல் போகிறது. ஐந்து வயதுக் குழந்தையின் ஒரு நாள் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நொறுக்குத் தீனியே எடுத்துக்கொள்கிறது. இரவுச் சோற்றைக் குழந்தை தட்டிவிடுவதற்குக் காரணம் தேடி மருத்துவரிடம் போகும் பெற்றோர், மாலை ஐந்து மணிக்குப் பிரித்த பாக்கெட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதன் சதவீதம்?

சதவீதங்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. சத்து மாத்திரை டப்பாவில் இரும்புச்சத்து 20 சதவீதம் என்றிருந்தால், நமக்குக் கிடைக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்துவிட்டது என்று பொருள். பிஸ்கட் பாக்கெட்டில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 20 சதவீதம் என்றிருந்தால், தாண்டக்கூடாத எல்லையில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்று தீர்த்துவிட்டோம் என்று பொருள். ஒன்று எட்ட வேண்டிய இலக்கு, மற்றொன்று மீறக்கூடாத வரம்பு. இரண்டும் ஒரே வகை எழுத்தில், ஒரே பெயரில் அச்சாகின்றன. சத்து நிறைய இருக்கிறது என்று எண்ணி அதிக சதவீதமுள்ள பாக்கெட்டையே ஒருவர் எடுத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு நம் நாட்டு லேபிள் விதி வைத்திருக்கும் அளவு ஒரு நாளைக்கு 50 கிராம். மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் சர்க்கரை இருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்போடு இது பொருந்துகிறது. அதை 5 சதவீதமாக, அதாவது 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்பதும் அதே நிறுவனத்தின் பரிந்துரைதான். 250 மில்லி குளிர்பானம் ஒன்றிலேயே பெரும்பாலும் அந்த 25 கிராம் வந்துவிடுகிறது.

கடையில் நின்று இவ்வளவு கணக்குப் போட யாருக்கும் நேரமில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. 'சர்விங்' பத்தியை விட்டுவிட்டு, 100 கிராமுக்கான பத்தியை மட்டும் பாருங்கள். அப்போதுதான் ஒரு பாக்கெட்டை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். பிரிட்டனில் திட உணவுகளுக்குச் சிவப்புக் குறி கொடுக்கப் பயன்படுத்தும் எல்லைகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 100 கிராமில் கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல், நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமுக்கு மேல், சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல், சோடியம் 600 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது அதிகம். மேலே சொன்ன மிக்சர் இந்த நான்கில் மூன்று எல்லைகளைத் தாண்டுகிறது.

பட்டியலின் முதல் மூன்று பெயர்கள்

ஊட்டச்சத்துக் கட்டத்தைவிடப் பல நேரங்களில் அதிகம் சொல்வது, பக்கத்தில் உள்ள மூலப்பொருள் பட்டியல். எடையில் அதிகமானது முதலிலும் குறைவானது கடைசியிலும் வர வேண்டும் என்பது விதி. ஆகவே, முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே அந்த உணவு எதனால் ஆனது என்பது தெரிந்துவிடும். 'கோதுமை பிஸ்கட்' என்று வாங்கியதில் முதல் பெயர் 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளவர்' என்றால் அது மைதா. வெறும் 'எடிபிள் வெஜிடபிள் ஆயில்' என்பதன் அருகே அடைப்புக்குறிக்குள் பாமோலின் என்றிருக்கும். நிறைவுற்ற கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அதுவே பதில்.

சர்க்கரை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சர்க்கரை முதலிடத்தில் வராமல் இருக்க எளிய வழி, அதைப் பல பெயர்களில் பிரித்துச் சேர்ப்பது. கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் இன்வர்ட் சிரப், கொஞ்சம் லிக்விட் குளுக்கோஸ், கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ் என்று நான்காகப் பிரிந்து நிற்கும்போது, ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடுகிறது. தேன், வெல்லம், பழச்சாறு கான்சன்ட்ரேட் ஆகியவையும் உடலுக்குச் சர்க்கரைதான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் ரத்த சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடியது. ஆனால், சர்க்கரைக் கணக்கில் வராமல் கார்போஹைட்ரேட் கணக்கில் சேர்ந்துவிடும்.

பட்டியலின் கடைசியில் வரும் எண்களைக் கண்டு பலர் மிரள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் அச்சமூட்டும் செய்திகள் அதற்கு முக்கியக் காரணம். 330 என்பது எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். 300 என்பது வைட்டமின் சி. 500(ii) என்பது நம் வீட்டு ஆப்பச் சோடா. 322 என்பது சோயா போன்றவற்றிலிருந்து எடுக்கும் லெசித்தின். எண் இருப்பதாலேயே ஒரு பொருள் நஞ்சாகிவிடாது. 621 என்ற அஜினோமோட்டோவைத் தேடி அலைபவர்கள் அதே பாக்கெட்டின் சோடியம் அளவைப் பார்ப்பதில்லை. தினமும் வயிற்றுக்குள் போகும் உப்பும் சர்க்கரையும் பாமாயிலும்தான் நம் காலத்தின் பெரிய ஆபத்து. எண்களைப் பற்றிய பீதி, கவனத்தை அங்கிருந்து திருப்பிவிடுகிறது.

முன்பக்கம் பேசுவது

எங்கள் தெருவில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவர் மாலைத் தேநீரோடு 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் சாப்பிடுவார். இரண்டு மூன்று என்று எண்ணாமல், பாதிப் பாக்கெட் வரை போவார். அளவாகச் சாப்பிடுங்கள் என்று சொன்னபோது, "சர்க்கரையே இல்லைன்னு மேலேயே போட்டிருக்கானே தம்பி, அப்புறம் என்ன?" என்று கேட்டார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தோம். முதல் பெயர் மைதா. 100 கிராமில் கார்போஹைட்ரேட் 65 கிராமுக்கு மேல். பாமாயில் அடுத்து. 'சுகர் ஃப்ரீ' என்று எழுத, 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அந்தப் பாக்கெட் விதியை மீறவில்லை. ஆனால், அவருடைய ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதற்கு அந்த மைதாவே போதும். இருபது ஆண்டுகளாக நோயோடு வாழும், நன்றாகப் படித்த ஒருவரே முன்பக்கத்தின் இரண்டு சொற்களை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முன்பக்கத்துச் சொற்கள் பலவும் இதே வகை. 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று சிப்ஸ் பாக்கெட்டில் எழுதுகிறார்கள். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் குறிப்பிடும்படி இருப்பதில்லை. நம் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு. அதைப் பற்றி முன்பக்கத்தில் பேச்சே இருக்காது. ராகி, கம்பு, பாதாம் என்று படம் போட்டிருந்தால், அது எத்தனை சதவீதம் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று எழுத வேண்டும் என்பது 2020 லேபிள் விதிமுறை. அந்த எண்ணைப் பட்டியலில் தேடிப் படியுங்கள். பல நேரம் படத்தில் குவிந்திருக்கும் தானியம் பட்டியலில் ஒற்றை இலக்கத்தில் நிற்கும்.

இப்படிப்பட்ட சொற்கள் கேள்வி கேட்டால் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. 2023-ல் ஒரு பிரபல மால்ட் பானத்தின் சர்க்கரை அளவைச் சுட்டிக்காட்டி சமூக ஊடகத்தில் வந்த ஒரு காணொளி நாடு முழுவதும் விவாதமானது. மறு ஆண்டு, இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரின்கீழ் விற்கக்கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. 2024 ஜூனில், கான்சன்ட்ரேட்டில் தண்ணீர் சேர்த்துத் தயாரிக்கும் பானங்களில் '100 சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்கச் சொன்னது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்.

விளம்பரம் தமிழில், விவரம் ஆங்கிலத்தில்

இதுவரை சொன்னதெல்லாம் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் உதவும். உணவு லேபிளின் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. மற்ற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. விற்பதற்கான விளம்பரம் தொலைக்காட்சியில் அழகான தமிழில் பேசுகிறது. வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய சோடியமும் நிறைவுற்ற கொழுப்பும் ஆங்கிலத்தில் ஒதுங்கி நிற்கின்றன. உசிலம்பட்டியிலோ திட்டக்குடியிலோ பேரனுக்குப் பெட்டிக்கடையில் பாக்கெட் வாங்கும் பாட்டிக்கு அந்தக் கட்டம் இருந்தும் இல்லாததுதான்.

பெட்டிக்கடைச் சரங்களில் தொங்கும் மிகச் சிறிய பொட்டலங்களுக்கு அந்தக் கட்டமும் கட்டாயமில்லை. பொட்டலத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாவிட்டால், மூலப்பொருள் பட்டியலுக்கும் ஊட்டச்சத்து விவரத்துக்கும் விலக்கு உண்டு. அந்த விவரங்கள் மொத்த வியாபாரப் பெட்டியில் இருந்தால் போதும். அந்தப் பெட்டியைக் கடைக்காரர் பிரித்துப்போட்ட பிறகுதான் குழந்தை காசை நீட்டுகிறது.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த உணவுகளை விற்கக்கூடாது என்றும் ஒரு விதிமுறை 2020-ல் வந்தது. எந்தப் பாக்கெட் அந்த வகையைச் சேர்ந்தது என்பதற்கு முன்பக்கத்தில் ஒரு குறியும் இல்லாதபோது, கடைக்காரர் எதை ஒதுக்குவார்? அதிகாரி எதைப் பறிமுதல் செய்வார்?

பத்தாண்டுக்கு மேலான காத்திருப்பு

பள்ளிகளின் அருகே நொறுக்குத் தீனி விற்பதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட நிபுணர் குழு, முன்பக்க லேபிள் வேண்டும் என்று பரிந்துரைத்தது 2014-ல். 2018-ல் ஒரு வரைவு வந்து நின்றுபோனது. 2019-ல் வரம்பு மீறிய சத்துகளைச் சிவப்பில் காட்டும் வரைவு வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2022 செப்டம்பரில், எச்சரிக்கையே மறைந்து அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் தரும் திட்டமாக அது உருமாறியது. அதையும் முதல் நான்கு ஆண்டுகள் நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்றார்கள்.

நட்சத்திரம் என்றாலே நம் மனத்தில் பாராட்டுதான் தோன்றும். மிக மோசமான உணவுக்கும் அரை நட்சத்திரம் கிடைக்கும். கொஞ்சம் நார்ச்சத்தையோ கொட்டைப்பருப்பையோ சேர்த்தால் மதிப்பெண் ஏறி, அதே சர்க்கரையும் உப்பும் அதற்குப் பின்னால் மறைந்துகொள்ளும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

பொதுநல வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தலையிட்டு, ஆணையத்தின் நிபுணர் குழு மூன்று மாதங்களுக்குள் பரிந்துரை தர வேண்டும் என்றது. வரைவு குறித்து 14,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்திருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. பிறகு கால அவகாசமும் நீட்டிக்கப்பட்டது. இதற்கிடையே, 2025 செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ், மிக்சர் போன்றவற்றின் ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. பாக்கெட் மலிவாவதற்கு எடுத்துக்கொண்ட வேகம், அதன்மீது எச்சரிக்கை அச்சிடுவதில் இல்லை.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. 31.5 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழகப் பெண்களில் 40 சதவீதம் பேர் உடல் எடை மிகுந்தவர்கள். இதற்கெல்லாம் பாக்கெட் தீனி மட்டும் காரணமில்லைதான். ஆனால், வீட்டுச் சமையலின் உப்பைக் குறைக்கச் சொல்லும் மருத்துவரால், பாக்கெட்டுக்குள் இருக்கும் உப்பைக் குறைக்க முடியாது. அதைச் சட்டத்தால்தான் செய்ய முடியும்.

செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. டால்டா போன்ற வனஸ்பதியின் வழியே வந்த டிரான்ஸ் கொழுப்புக்கு, எண்ணெய் மற்றும் கொழுப்புப் பொருள்களில் 5 சதவீதமாக இருந்த வரம்பு 2021-ல் 3 சதவீதமாகவும் 2022-ல் 2 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. எந்தத் தாயும் லேபிளைப் படிக்கவில்லை, எந்தத் தாத்தாவும் கணக்குப் போடவில்லை. ஆனாலும் எல்லோருடைய தட்டும் கொஞ்சம் பாதுகாப்பானது.

சிலி நாடு 2012-ல் சட்டம் இயற்றி, 2016 ஜூன் முதல் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை வரம்பு மீறிய உணவுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. அத்தகைய உணவுகளைக் குழந்தைகளுக்கு விளம்பரம் செய்யவும் கட்டுப்பாடு வந்தது. சட்டத்தின் முதல் கட்டத்துக்குப் பிறகு, முத்திரை விழுந்த சர்க்கரைப் பானங்களின் விற்பனை சுமார் 24 சதவீதம் குறைந்தது. முத்திரைக்குப் பயந்து பல நிறுவனங்கள் தங்கள் தயாரிப்பு முறையையே மாற்றிக்கொண்டன. 2020-ல் மெக்சிகோவும் அதே வழிக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கறுப்பு முத்திரை புரியும். சைவத்துக்குப் பச்சைப் புள்ளி என்பதை நாடு முழுவதும் அடையாளம் கண்டுகொள்ளும் நம் மக்களுக்கு இது புரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இனி செய்ய வேண்டியவை

முதலாவதாக, நட்சத்திரத் திட்டத்தைக் கைவிட்டு, வரம்பு மீறிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எச்சரிக்கை முத்திரையை முன்பக்கத்தில் கட்டாயமாக்க வேண்டும். சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பின் அளவைப் பெரிய, தடித்த எழுத்தில் காட்டும் யோசனைக்கு ஆணையமே 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. அது தாளோடு நின்றுவிடக்கூடாது. இரண்டாவதாக, 'சர்விங்' கணக்கோடு முழுப் பாக்கெட்டின் கணக்கையும் அச்சிட வேண்டும். மூன்றாவதாக, விற்கப்படும் மாநிலத்தின் மொழியில் எச்சரிக்கை இருக்க வேண்டும். நான்காவதாக, சிறிய பொட்டலங்களுக்கு ஊட்டச்சத்துக் கட்டத்தில் விலக்கு இருந்தாலும் முத்திரையில் விலக்கு கூடாது.

லேபிள் விதியை மாற்றும் அதிகாரம் டெல்லியில் இருக்கலாம். அதற்காகத் தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. அரசின் ஆதரவில் இயங்கும் ஆவின், தன் இனிப்பு, ஐஸ்கிரீம் வகைகளின் முன்பக்கத்தில் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பின் அளவைப் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்டு வழிகாட்டலாம். ஆவினே செய்து காட்டிவிட்டால், முடியாது என்று தனியார் நிறுவனங்கள் சொல்ல இடமிருக்காது. எட்டாம் வகுப்பு மாணவருக்குச் சதவீதக் கணக்கு சொல்லித்தரும்போது, ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தையே கணக்காகக் கொடுக்கலாம். அந்த மாணவர் வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் கடைச் சாமான்களைப் படித்துச் சொல்வார்.

அதுவரை நம் கையில் இருப்பது கேள்வி கேட்கும் உரிமை. இந்தப் பாக்கெட் முழுவதையும் தின்றால் எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு கொழுப்பு? இந்தக் கேள்விக்கு ஒரே பார்வையில் விடை சொல்லாத லேபிள், விற்பவருக்காக எழுதப்பட்ட லேபிள். அதை வாங்குபவருக்காக மாற்றி எழுதச் சொல்வது நிறுவனங்களிடம் கேட்கும் சலுகையாகாது. காசு கொடுத்துச் சாப்பிடும் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை அது. பத்தாண்டுக்கு மேலாகத் தள்ளிப்போட்ட அந்த முடிவை ஆணையம் இனியும் தள்ளிப்போடக்கூடாது.